மெத்தைக் கடையில் ஒரு தத்துக்கிளி

வெயில் நாளில் மெத்தை வாங்க வருவார்கள். மழை நாளில் மெத்தையில் குதிக்க வருவார்கள். இது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

வானம் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் மூடிக்கொண்டால் போதும். பூங்கா குளமாகிவிடும், பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்துவிடும். வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகள் சோபாவிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து அப்பாவின் தலைக்கும் தாவ ஆரம்பிக்கும். தாக்குப்பிடிக்க முடியாமல் அந்த அப்பா எல்லோரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்து இறங்குவார். கேட்டால், சும்மா மெத்தை பார்க்கலாமென்று வந்தோம் என்பார். இந்தச் ‘சும்மா’வை மெத்தைக்கா வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். வாங்க வந்தவர் முதலில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பார். சும்மா வந்தவர் முதலில் தனக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பார்.

மெத்தைக்கா என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கடையில் சேர்ந்தவள். முதலாளியைத் தவிர அங்கே அவளைவிடப் பழையது கல்லாப்பெட்டி மட்டும்தான். “குதிக்கிற பிள்ளைதாம்மா அப்பனை வாங்க வைக்கும்” என்பது முதலாளியின் வேதவாக்கு. அதற்காகவே ‘ஏறிப் படுத்துப் பாருங்கள்’ என்று சுவரளவுக்கு ஒரு பலகை. ஏறுகிற பிள்ளைகளுக்கு அதில் ‘படுத்து’ மட்டும் கண்ணில் படாது. ஒரு மெத்தையில் ஓடி, அடுத்ததில் குட்டிக்கரணம் போட்டு, மூன்றாவதில் மல்லாந்து விழும். அவர்கள் போன பிறகு பிஸ்கட் தூள், ஈரச் செருப்புத் தடம், ஜோடியில்லாத ஒரு சாக்ஸ். மெத்தைக்கா உறையை உதறி விரித்து, வாசல்வரை போய், அவசியம் திரும்ப வாங்க சார் என்று சிரித்து அனுப்புவாள்.

மற்ற வருஷங்களில் இதெல்லாம் அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்த வருஷம் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலுக்குக் காரணம் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், தலையணை மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் பெற்ற மகள், ஆறு வயது.

அந்தப் பெண் நடந்து யாரும் பார்த்ததில்லை. பல் தேய்க்கப் போகும்போது நொண்டி, தேய்த்துவிட்டு வரும்போது முயல், சாப்பிடக் கூப்பிட்டால் தவளை. தத்துக்கிளி என்று அவள் அப்பா பெயர் வைத்திருந்தார். அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கரை தொடும்போதெல்லாம் கூப்பிட்டு முதலில் தத்துக்கிளியைத்தான் விசாரிப்பார்.

இந்தத் தடவை மழை விடுகிற வழியாக இல்லை. பள்ளிக்கூடம் இன்று திறக்கும் நாளை திறக்கும் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. வழக்கமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுச் சித்தி, மகளின் பிரசவத்துக்கென்று போன ஊரிலேயே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார். வேறு வழியில்லாமல் மெத்தைக்கா முதலாளியிடம் போய் நின்றாள். அவர் பெரிய மனது பண்ணினார்.

“கூட்டிட்டு வாங்கம்மா, மழைக்குத்தானே. ஆனா கடைப் பக்கம் வரக் கூடாது, கஸ்டமர் இருக்கற எடம். குடோன்ல ஒரு ஓரமா உக்காந்துக்கட்டும்.”

அதற்கு அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். சொன்ன கையோடு பிள்ளையை உட்கார வைத்துப் பாடமும் நடத்தினாள். ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. மூட்டை மேல் ஏறக் கூடாது. கடைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் நாள் போய்ப் போய் அதட்ட வேண்டியிருந்தது. மறுநாள் கண்ணைக் காட்டினால் போதும் என்றாயிற்று. அப்புறம் அதுவும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலாவது காலை நீட்டலாமா என்றால், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் மாடியில். பலகைத் தரை. மேலே பிள்ளை ஒரு தவ்வு தவ்வினால், கீழே இருக்கிற வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் டொக் டொக்கென்று தட்டுவார். மழையில் வெளியே போக முடியாமல் அந்த மனுஷன் நாள் முழுக்க வீட்டிலேயே கிடந்ததால், காதும் கட்டையும் எப்போதும் தயாராக இருந்தன. மெத்தைக்கா உடனே உதட்டில் விரலை வைப்பாள். ஆகக்கூடி, கடையில் கஸ்டமருக்காக, வீட்டில் வீட்டுக்காரருக்காக என்று காலைச் சுருட்டி வைத்துக்கொள்ள அந்தச் சின்னப் பெண் கற்றுக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் கப்பலிலிருந்து போன் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ரொம்ப சமத்தாக இருக்கிறாள், ஒரு தொந்தரவும் இல்லை என்று இவள் பெருமையாகவே சொன்னாள். 

“ஏன், ஒடம்புக்கு என்ன பண்ணுது அவளுக்கு?” என்றார்.

 அன்று சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் பெரிதாக ஒரு பள்ளம் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு கிடந்தது. சாதாரணமாக அப்படி ஒன்றைக் கண்டால் பிள்ளையைப் பிடித்து நிறுத்த ஆள் போதாது. மெத்தைக்கா தானாகவே கையை விட்டாள். நனைந்தால் நனைந்துவிட்டுப் போகிறது, குதித்துக்கொள் என்றாள். பிள்ளை தண்ணீரைப் பார்த்தது. பிறகு ஓரமாகச் சுற்றிக்கொண்டு நடந்தது.

“வேணாம்மா, சத்தம் வரும்.”



மறுநாள் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டதில் கடை சந்தைக்கடையாகிவிட்டது. வாங்குகிறவர் யாருமில்லை, அத்தனையும் சும்மாதான். நடுக்கூடத்தில் கடையிலேயே விலை அதிகமான மெத்தை. அதன்மேல் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பையன்கள், ஷூவோடு. அப்பா காதில் போன். அம்மா நாற்காலியில், மடியில் ஈரக் குடை. மெத்தைக்கா தன்மையாகத்தான் சொன்னாள், ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிக்கலாமே கண்ணா என்று. அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது.

“பிள்ளைங்கதானேங்க. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா என்னத்துக்கு ஆகும்? கை கால் அசைய வேணாமா?”

“வேணும்தாங்க மேடம்” என்றாள் மெத்தைக்கா. 

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் மெத்தையிலிருந்து உருண்டு விழுந்தான். விழுந்த வேகத்தில் ஓடிப்போய்க் குடோன் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான். இங்கே ஒரு பொண்ணு ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று அவன் கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி சிரித்துக்கொண்டே வந்தார்.

“ஒளியல தம்பி. நம்ம ஸ்டாஃபோட பொண்ணு. இத்தனை நாளா இங்கதான் இருக்கு. இருக்கற எடமே தெரியல, தங்கம்.”

“பாருங்கடா” என்று அந்த அம்மா தன் பையன்களிடம் நீட்டி முழக்கினார். “அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்க. எவ்வளவு அடக்கம்.”

பையன்கள் கற்றுக்கொள்கிற மாதிரி தெரியவில்லை. தத்துக்கிளிதான் கற்றுக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் கிடைத்த பாராட்டைக் கேட்டதும், இரண்டு காலையும் முக்காலிக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கால்களைப் பார்த்ததும்தான் மெத்தைக்காவுக்குள் ஏதோ அறுந்தது. இருக்கிற இடமே தெரியாது என்பது அவளும் சின்ன வயதிலிருந்து வாங்கிச் சேர்த்த நற்சான்றிதழ். வந்த விருந்தாளிகள் சொன்னார்கள், கல்யாணம் பேசும்போது சொன்னார்கள். கடையில் மற்றவர்களுக்கெல்லாம் சம்பளம் ஏறிய வருஷம், உங்களை மறந்தே போய்விட்டேனம்மா என்று இதே முதலாளி இதே சிரிப்போடு சொன்னார். பின்னே, இருக்கிற இடம் தெரியாதவளை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அந்தச் சீதனத்தை இப்போது மகளுக்கும் கொடுக்கப் பார்க்கிறார்கள். கொடுப்பதற்குத் தட்டு ஏந்தியது யார் என்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“இருக்கற எடம் தெரியணும் சார்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. முதலாளிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. “ஆறு வயசுப் பிள்ளை. இருக்கற எடம் தெரிஞ்சாத்தான் அது பிள்ளை. தெரியலன்னா தலையணை மூட்டை.”

கையிலிருந்த விரிப்பைக் கல்லாக்காரரின் மடியில் போட்டுவிட்டுக் குடோனுக்குள் போனாள். சுவரோரம் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டிய பழுதான மெத்தைகள் சாய்ந்து நின்றன. இடுப்பைக் கொடுத்துத் தள்ளி ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். சிமென்ட் தரை, பக்கத்தில் இரும்பு அலமாரி. ஆகவே கோபத்திலும் புத்தி தப்பாமல் சுற்றிலும் தலையணை மூட்டைகளை அணைகட்டினாள். பிறகு மகளைத் தூக்கி நடுவில் நிறுத்தினாள்.

“குதி பாப்பா.”

பிள்ளை நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றது. “அசையக் கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். குதி.”

முழங்காலை மட்டும் இலேசாக மடக்கி நிமிர்ந்தது. பாதம் மெத்தையை விட்டு எழும்பவில்லை. எழுப்பத் தெரியாமல் இல்லை, எழுப்பப் பயம். கண் கதவையே பார்த்தது.

அதுவரை முதலாளி, வீட்டுக்காரர், குடைக்கார அம்மா என்று ஊரெல்லாம் சுற்றிய கோபம், கடைசியில் மெத்தைக்காவின் காலடியிலேயே வந்து உட்கார்ந்தது. அவள் செருப்பைக் கழற்றி வீசினாள். மெத்தை மேல் ஏறினாள். இத்தனை வருஷம் விற்றும் ஒரு தடவைகூட அதில் ஏறிக் குதித்தவளில்லை. கண்ணை மூடிக்கொண்டு எம்பினாள். ஸ்பிரிங் ஐயோ அம்மா என்றது. தூசி பறந்தது. கழுத்தில் தொங்கிய கடை அடையாள அட்டை மூக்கில் வந்து அடித்தது. மூன்றாவது குதியில் கொண்டை அவிழ்ந்து முகத்தை மூட, பக்கவாட்டில் மூட்டை மேல் பொத்தென்று விழுந்தாள்.

பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த உடம்பு சும்மா நிற்குமா? ஒற்றைக் காலில் ஒரு நொண்டி. இன்னொன்று. அப்புறம் இரண்டு காலும் சேர்ந்து எம்பி, ஆள் உயரத்துக்குப் போய் வந்தது தத்துக்கிளி.

பையன்கள் இரண்டு பேரும் கதவருகே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நாங்களும் வரலாமா என்று பெரியவன் கேட்டான்.

தத்துக்கிளி குதிப்பதை நிறுத்தவில்லை. “ஷூவக் கழட்டிட்டு வா” என்றாள்.

அவர்களுக்குப் பின்னாலேயே முதலாளி வந்தார். முகம் சிவந்திருந்தது. தெருவரைக்கும் கேட்கிறதே, என்ன சத்தம் இது என்றார்.

“பிள்ளைங்க சத்தம் சார்.” அவளுக்கு மூச்சு வாங்கியது.

இது கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டிய சரக்கு என்று அவர் ஆரம்பித்தார். போகிற வரைக்கும் அதுவும் மெத்தையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். இவ்வளவு பேச்சை அவர் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை.

“நாளைலேருந்து பிள்ளையக் கூட்டிட்டு வராதீங்கம்மா.”

“சரி சார். அப்ப நானும் வரல. ஸ்கூல் தொறந்ததும் வரேன்.”

 கடை வாசலில் இன்னும் இரண்டு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதுவரை ஒரு தலையணையைக்கூட விற்றறியாத கல்லாக்காரர், விரிப்பை மடியில் வைத்துக்கொண்டே முதலாளியைப் பரிதாபமாகப் பார்த்தார். முதலாளி துணைக்குக் குடைக்கார அம்மாவைப் பார்த்தார். கை கால் அசைய வேணாமா என்று கேட்டவர் அவர். இப்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? குடையின் நுனியை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

“மூட்டை கிழியாமப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை. அதை அவள் ஒரு நஷ்டமாக நினைக்கவும் இல்லை. யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் குடைக்காரக் குடும்பமும் கிளம்பிற்று. வாங்குகிறவர்களாக இருந்தால் அல்லவா யோசிப்பதற்கு.

அன்று தெருமுனைப் பள்ளத்தில் நனைந்தது பிள்ளை மட்டுமில்லை. வீட்டு மாடிப்படியை ஒற்றைக் காலிலேயே ஏறி, கதவைத் திறந்ததும் அடுப்படிவரை முயலாகப் போனாள் தத்துக்கிளி. கீழேயிருந்து டொக், டொக். தூக்கிய கால் தூக்கியபடி நிற்க, பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. விரல் உதட்டுக்குப் போகிறதா என்று பார்த்தது.

விரல் போகவில்லை. அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் நிறுத்திட்ட? பாவம், மழைக்கு அவரும் வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டு இருக்காரு. அவருக்கும் கை அசையணும்ல? நீ குதி, அவரு தட்டட்டும்.”

கீழே கட்டை மறுபடி தட்டியது. மேலே தத்துக்கிளி, தட்டுக்கு ஒன்றாகத் தவ்விக்கொண்டே ஜன்னல்வரை போய்த் திரும்பியது.