உப்பு மிதவை

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைத்தே பாதி வயது போயிற்று. நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம்தான். அந்தக் கூச்சத்தால் நடந்த ஒன்றைத்தான் எழுதுகிறேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை.

என் தம்பி துபாயில் ஒரு அலங்கார மீன் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தான். தொண்ணூறுகளின் கடைசியில் உடம்புக்கு முடியாமல் கோவில்பட்டிக்கே திரும்பி வந்துவிட்டான். வந்தவன், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த வீட்டின் முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் தண்ணீர் நிரப்பி, பாறை அடுக்கி, ஒரு கடல் சாமந்தியும் இரண்டு ஆரஞ்சு வரி மீன்களும் விட்டான். கடல் சாமந்தி பூ இல்லை, உயிருள்ள பிராணி. விரல் விரலாக விரிந்து ஆடும். மீன்கள் அதன் நடுவிலேயே படுத்துக்கொள்ளும். தண்ணீர், தூத்துக்குடியில் இருந்து மீன் ஏற்றி வரும் வேனில் கேன் கேனாக வரும்.

குடிக்கிற தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில் இது பெரிய வேடிக்கை. எதிர்வீட்டு மதினி வாசலில் நின்றே கேட்பாள்.

"நாங்க குடத்தத் தூக்கிக்கிட்டு தெருத் தெருவா அலையுதோம். நீரு கடலயே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீரே!"

"வேணும்னா ரெண்டு குடம் மோந்துக்கிடுங்க மதினி. கொழம்புக்கு உப்பு மிச்சம்" என்பான் தம்பி.

ஊருக்கு வந்த பிறகு அவன் சிரித்தது அந்தத் தொட்டி முன்னால் மட்டும்தான்.

வைகாசியில் அவனுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவன் மனைவி கூடத் தங்கினாள். தொட்டி என் பொறுப்பு.

"யக்கா, நான் வாரது வரைக்கும் சாமந்தி சுருங்காமப் பாத்துக்கோ. நோட்டுல எல்லாம் எழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினான்.

நோட்டில் கொஞ்சம்தான் எழுதியிருந்தான். தினமும் டெஸ்ட் கிட் போட்டு, மீன் கழிவால் தண்ணீரில் விஷம் ஏறியிருக்கிறதா பார். உப்பு மிதவை சிவப்புக் கோட்டில் நிற்கிறதா பார். தண்ணீர் குறைந்தால் ஊற்று. மிதவை என்பது மெல்லிய கண்ணாடிக் குழாய். தண்ணீரில் விட்டால், உப்பு கூடும்போது மேலே எழும்பும், குறைந்தால் தாழும். துபாயில் இருந்து துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். மூன்றாம் நாள் நான் அதைக் கழுவும்போது கைநழுவி உடைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். படுக்கையில் இருந்தபடியே கேட்டான்.

"மிதவை எங்கன நிக்குது?"

"நீ போட்ட கோட்டுலதான்" என்றேன்.

"சரி. கிட்டு மருந்துக்குத் தேதி முடியப் போவுது. வேற வாங்கிட்டுப் போ."

கிட்டோடு மிதவையும் வாங்கிவிட்டால் சொன்ன பொய் மெய்யாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் காகிதத் துண்டுகள். லேசான வேலை, ஆனால் அவ்வளவு துல்லியம் கிடையாது என்றார். இன்னொன்று சொட்டு மருந்துப் புட்டிகளும் நிற அட்டையும் உள்ள பெட்டி. தம்பி வைத்திருந்ததும் இந்த மாதிரிதான். மூன்றாவது, பஞ்சில் படுக்க வைத்த ஒரு மிதவை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் புறாத் தீவனம் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது என்னண்ணே?"

"கடத்தண்ணி உப்புப் பாக்குறது."

"கடத்தண்ணில உப்பு இருக்கான்னு பாக்க ஒரு குழாயா? நாக்கை எதுக்குண்ணே வச்சிருக்கோம்?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இதுவும் எடுக்கவாக்கா?"

"வேண்டாம்" என்றேன்.

புட்டிப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அந்த ஆள் கேட்டதும் நியாயம்தானே, கடல் தண்ணீரில் உப்பு இல்லாமலா போகும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் பெட்டியில் இருந்த சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீர் மோந்து, சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருப்பேன். மஞ்சளாக இருந்தால் விஷம் இல்லை. பச்சை ஏறினால் விஷம். தினமும் மஞ்சள்தான். நோட்டில் 'மஞ்சள்' என்று எழுதிவைப்பேன்.

வெயில் காலம். தண்ணீர் சூடாகாமல் இருக்க, தொட்டி மேல் காற்றுப் படும்படி தம்பி ஒரு மேசை விசிறி வைத்திருந்தான். அதனால் தண்ணீர் நாளுக்கு இரண்டு விரற்கடை குறையும். சுவரோரம் நல்ல தண்ணீர்க் குடங்களும் இருந்தன, கடல் தண்ணீர்க் கேன்களும் இருந்தன. தம்பி ஊற்றும்போது நான் பார்த்ததே இல்லை. அதற்கு முன்பே ஆபீஸ் வேன் என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஊரே ஒரு குடத்துக்கு அலையும்போது நல்ல தண்ணீரைத் தூக்கி மீனுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் என்று கேனைத்தான் சாய்த்தேன். தொட்டி விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் சாமந்தி சுருங்கியது. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. சொட்டு விட்டுப் பார்த்தேன், மஞ்சள். திரும்பவும் விட்டேன், மஞ்சள்தான். மருந்து சரியில்லையோ என்று மருந்தைத்தான் சந்தேகப்பட்டேன். வியாழக்கிழமை சாமந்தி கூழாகக் கரைந்து கிடந்தது, இரண்டு மீன்களும் மிதந்தன. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பச்சை வந்தது.

சனிக்கிழமை தம்பியைக் கூட்டிவந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நேரே தொட்டியிடம் போனான். வெறும் பாறையைப் பார்த்தான். நோட்டைப் புரட்டினான். பிறகு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தான். முகம் சுளித்தது.

"எதை ஊத்துன?"

கேனைக் காட்டினேன்.

"யக்கா, காத்துல போறது வெறும் தண்ணி. உப்பு அங்கனயேதான கெடக்கும். நல்ல தண்ணியில்லா ஊத்தணும்." மூச்சு வாங்க நின்றான். "மிதவை எங்க?"

"ஒடஞ்சு போச்சு."

"எப்ப?"

"நீ போன மூணாம் நாளு."

அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப அன்னைக்கி கோட்டுல நிக்குதுன்னு சொன்னது?"

நான் கேன் மூடியைத் திருகி மூடினேன்.

"ஒடஞ்சுதுன்னு சொல்லிருந்தா அங்கன இருந்தே வழி சொல்லிருப்பேனே" என்றான். திட்டவில்லை. விசிறியை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அதன் பிறகு ஏழு மாதம் இருந்தான். என்னோடு நன்றாகத்தான் பேசினான். ஆனால் மாத்திரை கொடுத்தாச்சா, கதவு பூட்டியாச்சா என்று எதை என்னிடம் கேட்டாலும், நான் சொன்ன பிறகு அதையே தன் மனைவியிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்வான். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாள் ஞாயிறு. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. பதினொரு குடம் பிடித்து வைத்தேன். தொட்டிக்கு ஒரு குடம்கூடத் தேவைப்படவில்லை.