கோழி மீன் தெரியாத ஜூன்

மராடி நகருக்கு வடக்கே எங்கள் ஊரில் கம்பு விதைக்கும் நாளைச் சொல்லும் உரிமை சாலிசுவுக்கு உரியது. முப்பத்தோராண்டுகளாக அவர் சொல்லாமல் எவரும் விதைக்குழி தோண்டியதில்லை. அதற்குக் காரணம் பக்தி அன்று. ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் அவருடைய கதிர் முந்தி முற்றும். குருவிக்கூட்டம் முழுவதும் அந்த ஒரு வயலில் இறங்கிவிடும்.

நாள் குறிக்க அவரிடம் இரண்டு அளவைகள் இருந்தன. கோழியும் குஞ்சுகளும் என்று நாங்கள் அழைக்கும் கார்த்திகை மீன்கூட்டம், சில வாரங்கள் மறைந்திருந்து, ஜூன் மாத விடியலில் கிழக்கே மீண்டும் தோன்ற வேண்டும். அதன்பின் பெய்யும் மழையில், மணலுக்குள் விட்ட கை முழங்கைவரை நனைய வேண்டும். கோழிக்கு முன்னால் பெய்வது கள்ள மழை. அதை நம்பியவர் விதையை இழப்பார்.

வானம் வெளிறி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. சூட்டைத் தணிக்க, வடக்கேயுள்ள நாடுகள் விமானங்களைக் கொண்டு மேல்வானில் நுண்துகளைத் தூவுவதாக வானொலி சொன்னது. சூடு தணிந்தது உண்மை. ஏப்ரல் பிற்பகலில்கூட நடக்க முடிந்தது. ஆனால் வெண்மை ஆண்டுக்காண்டு கூடி, வானம் பால் கலந்த தண்ணீரைப் போல் ஆகிவிட்டது.

அவ்வாண்டு ஜூன் பதினாறில் பெருமழை பெய்தது. சாலிசு மணலில் கையை விட்டார். முழங்கைக்கு மேலும் ஈரம். அவருடைய அத்தை மகன் மகாமா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரையொருவர் கேலி செய்யக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் மரியாதையாகப் பேசிக்கொண்டால் யார் செத்தது என்று கேட்பது எங்கள் வழக்கம்.

“என்ன மச்சான், கைய விட்டு எலி தேடுறியா?”

“ஈரம் இருக்குடா. கோழிதான் இன்னும் வரல.”

“ஒன் கோழிய எவனாவது புடிச்சுக் கொழம்பு வச்சிருப்பான். விதைக்கலாம்னு சொல்லித் தொலை.”

“கள்ள மழைய நம்பி விதைச்சா, ஒன் பொண்டாட்டி ஒன் தாடியத்தான் வேக வைப்பா.”

மகாமா சிரித்தான். ஆனால் விதைக்கவில்லை. ஊரும் விதைக்கவில்லை. இடையிடையே சிறுமழையும் பெய்து ஓய்ந்தது.

ஒவ்வொரு நாளும் விடியல் தொழுகைக்கு முன் சாலிசு கிழக்கைப் பார்த்து நின்றார்.

“மேகமும் இல்ல, மீனும் இல்ல. ஒங்க கண்ணு மங்கிப்போச்சா?” என்றாள் மனைவி டேலு.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. வானந்தான் மங்கிக் கெடக்கு.”

சொன்னாரே தவிர, சொன்னதன் பொருளை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூலை எட்டாம் நாள் கோழி தெரிந்தது. புதிதாக வந்த கோழி வேலி உயரத்தில் நிற்கும். இதுவோ வேப்பமரத்தின் உச்சிக்கு மேல் நின்றது. அது எப்போதோ வந்துவிட்டது, அடிவானத்து வெண்மை மறைத்துவிட்டது என்பதை அவர் அக்கணமே உணர்ந்தார். ஜூனில் பெய்தது கள்ள மழை அன்று.

அன்றே விதைக்கச் சொன்னார். ஈரம் மணிக்கட்டுவரைதான் இருந்தது. கம்பு முளைத்து இடுப்புயரம் வளர்ந்தது. பூக்கும் தறுவாயில், ஆகஸ்டு இறுதியில், மழை அடியோடு நின்றது. கதிரை உருவினால் கையில் உமியே வந்தது. பார்வையிட வந்த வேளாண் அலுவலரிடம், துகள்தான் காரணமா என்று சாலிசு கேட்டார்.

“இருக்கலாம் பெரியவரே, இல்லாமலும் இருக்கலாம். முன்னாடியும் மழை பொய்ச்சிருக்கே. உறுதியா யாராலயும் சொல்ல முடியாது.”

அந்தப் பதில் அவருக்கு எவ்வகையிலும் உதவவில்லை. ஜூன் பதினாறில் விதைத்திருந்தால், எங்கள் குறுகிய காலக் கம்பு மழை நிற்குமுன் மணி பிடித்திருக்கும். கோழியை மறைத்தது துகளாக இருக்கலாம். காத்திருக்கச் சொன்னவர் அவர்.

எவரும் அவரைக் குறை கூறவில்லை. அக்டோபரில் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டிக் கானோ நகருக்குப் பிழைக்கச் சென்றன. மகாமாவின் கழுதை வண்டியும் ஒருநாள் சாலிசுவின் வாசலில் வந்து நின்றது. பானைகளுக்கு நடுவே அவன் மனைவி அமர்ந்திருந்தாள். சாலிசுவே பேச்சைத் தொடங்கினார்.

“ஒன்ன மாதிரி சோம்பேறிக்குக் கானோவுல எவன்டா வேலை குடுப்பான்?”

மகாமா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்ப் பெரியவர்முன் குந்துவதுபோல் அவர்முன் குந்தினான்.

“போயிட்டு வர்றோங்க. ஒடம்பப் பாத்துக்குங்க.”

சாலிசு இன்னொரு கேலியைத் தேடினார், கிடைக்கவில்லை. மகாமா எழுந்து, தலை கவிழ்ந்தபடியே கழுதையை ஓட்டிச் சென்றான்.

கேட்டதை நம்ப இயலாமல், உள்ளேயிருந்து டேலு குரல் கொடுத்தாள்:

“மகாமாவா இப்படிப் பேசுறது? யாரு செத்தா?”