பில் போட்ட புடவை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கிவிட்டவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்பார்வை குறைந்த பிறகு, மற்றவர்கள் நெய்யும் பட்டுப் புடவைகளை வாங்கி செல்போனில் விற்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், யாரிடமும் பேச வேண்டியதில்லை. கடையில் உட்கார்ந்து 'வாங்கம்மா, பாருங்கம்மா' என்று அழைக்க எனக்கு வராது. போட்டோ எடுத்துப் போட்டால் எங்கேயோ ஒருவர் வாங்குகிறார். கூரியர்காரர் வாசலில் நின்று பார்சலை வாங்கிக்கொண்டு போவார். அம்மா இறந்த பிறகு, சில நாட்களில் நான் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அதுவும் பார்சல் ஒன்றா இரண்டா என்பது மட்டும்.

வெளிமாநிலத்துக்கு ஆன்லைனில் விற்பதென்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு வாங்கித் தந்த ஆடிட்டர் ஆபீஸ் பெண் ஒருநாள் கேட்டாள். "போர்டு மாட்டிட்டீங்களாண்ணா?"

"வீடுதானம்மா அது."

"வீடா இருந்தாலும் பேரும் நம்பரும் வாசல்ல இருக்கணும். ஆபீசர் வந்து பாத்தா பேஜாராயிடும்."

மாட்டினேன். அந்தப் போர்டைப் பார்த்துத்தான் எதிர்வீட்டு அக்கா முதல்முறையாக என் வீட்டுக்குள் வந்தார்.

"இன்னா தம்பி, இத்தினி வருஷமா எதிர்ல கீறோம். பொடவ விக்கிறேன்னு ஒரு வார்த்த சொன்னியா? வாயில கொழுக்கட்டையா? இதெல்லாம் எங்க போவுது?"

"அசாமுக்குக்கா."

அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறுநாள் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு தினமும் மத்தியானம் சோறு ஆனதும் வந்துவிடுவார்கள். பாயில் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்து மடியில் போட்டுப் பார்ப்பார்கள். சம்பந்தி வீட்டைக் கிண்டல் செய்வார்கள்.

"தம்பிக்கும் ஒரு பொண்ணு பாத்துடலாமா?" என்றார் அக்கா.

"பொண்ணு எதிர்ல வந்து நின்னா, இவரு போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்ருவாரு" என்றார் நாத்தனார்.

நானும் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அவர்கள் வரும் முன்பே பாயைத் தட்டிப் போட்டுவைப்பேன். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வந்துகொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

ஒருநாள் அக்கா மயில்கழுத்து நிறப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டார். விலையைச் சொன்னேன். "இதோட நூத்துக்கு அஞ்சு ஜிஎஸ்டி வரும்க்கா. பில் போட்டுடறேன்."

"நமக்குள்ள இன்னாத்துக்கு பில்லு? நான் இன்னா அசாம்லருந்தா வந்துகினு கீறேன்?"

அசாமில் வாங்குகிறவரின் முகம் எனக்குத் தெரியாது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் வரியையும் சேர்த்துக் கட்டுகிறார். அங்கே போகும் புடவையின் வரி அந்த மாநிலத்துக்கும் டெல்லிக்கும் போகும், நம் மாநிலத்துக்கு ஒன்றும் வராது என்று ஆடிட்டர் ஆபீஸ் பெண் சொல்லியிருந்தாள். அதுவரை நான் விற்றதெல்லாம் வெளிமாநிலத்துக்குத்தான். நம் மாநிலத்துக்கு என் கையால் முதல் வரி போவதென்றால் இந்தப் புடவையில்தான் போக வேண்டும். அக்காவின் மாமியாருக்கு சர்க்கரை மாத்திரை வருவதே அரசு ஆஸ்பத்திரியிலிருந்துதான்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். பில் இல்லாமல் கொடுத்தால் நாளைக்கும் வருவார், போட்டால் வரமாட்டார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பில் போட்டுத்தான் தரணும்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"கவருமெண்டுக்குக் குடுக்க மனசு வருது, எதிர்வீட்டுக்காரிக்கு வரலியா? எழுந்துரு, போலாம்" என்று நாத்தனாரைக் கிளப்பினார். மடியிலிருந்த புடவை பாயில் சரிந்தது.

அதன்பின் அவர்கள் வரவில்லை.

கல்யாணம் நெருங்கியபோது கூரியர்காரர் ஒரு பார்சலை என்னிடம் நீட்டினார். "எதிர்வீடு பூட்டிக்கீதுங்க. போன் பண்ணேன், உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

மேலே ஒட்டியிருந்த உறைக்குள் பில் தெரிந்தது. சூரத்திலிருந்து வந்த புடவை. விலைக்குள்ளேயே வரியும் இருந்தது, அதே நூற்றுக்கு ஐந்து. வாங்குகிறவரின் மாநிலத்துக்குத்தான் பங்கு என்றால், நம் பங்கு எப்படியும் வந்து சேர்ந்துவிட்டது. நான் பிடிவாதம் பிடித்ததால் அரசாங்கத்துக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் வீட்டில் பாய் விரிப்பது மட்டும் நின்றுபோனது.

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசலிலேயே பிரித்தார். பில்லைப் பார்க்காமல் கசக்கிப் போட்டார்.

"பாத்தியா தம்பி, ஆன்லைன்ல வரியும் இல்ல ஒண்ணும் இல்ல. எப்படி கீது?"

தொட்டுப் பார்த்தேன். பட்டு இல்லை.

"கலர் நல்லா கீதுக்கா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "கல்யாணத்துக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போனேன். மொய் எழுதினேன், சாப்பிட்டேன், திரும்பினேன். வந்தவர்களை வரவேற்கும் அவசரத்தில் அக்கா என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் கதவைச் சாத்துவதில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். பெரும்பாலும் கூரியர்காரர்தான்.

எழுதியது, ஆரணியில், ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.