அடுத்த தோம் எப்போது வரும்?

பரிஸில் ரூ காய் என்கிற தமிழ்க்கடைத் தெருவில் முருங்கைக்காயும் நெத்தலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடு புத்தகக் கடைக்குள் நுழைகிற ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். கருவாட்டு மணம் எனக்கு முன்னால் உள்ளே போய்விடும். கடைக்காரர் நல்ல மனிதர், மூக்கைச் சுளிக்கமாட்டார். கதவை மட்டும் திறந்து வைப்பார். நான் நேரே யப்பானியப் படக்கதைகள் இருக்கும் அடுக்குக்குப் போவேன். மங்கா என்று சொல்லும் அந்தப் புத்தகங்கள் நமது புத்தகங்கள் முடிகிற இடத்தில் தொடங்குபவை. வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். நாம் முன் அட்டை என்று நினைத்துத் திறந்தால், 'நில்லுங்கள், இது கடைசிப் பக்கம்' என்று ஓர் அறிவித்தல் பிரெஞ்சில் இருக்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் பிழையான பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன். "மற்றப் பக்கம், மடம்" என்பார் கடைக்காரர். தெரியும் என்பேன். இந்தக் கிழவிக்கு எப்போதுதான் பழகுமோ என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரியும்.

நான் வாங்குவது ஒரேயொரு தொடர். துப்பறியும் கதை. அதன் பெயர் உங்களுக்கு வேண்டாம், என் வீட்டில் அதன் நாயகனைக் குடைக்காரர் என்றுதான் சொல்வோம். மழையோ வெயிலோ கையில் குடை இருக்கும். ஒவ்வொரு தோமிலும், அதாவது ஒவ்வொரு பாகத்திலும், யாராவது கொலையாவார்கள். குடைக்காரர் எல்லோரையும் ஒரு கூடத்தில் இருத்தி, யார் செய்தது, ஏன் செய்தது என்று விளக்குவார். குற்றவாளி அழுவான். ஆனால் முதல் தோமில் தொடங்கிய பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது, அது மட்டும் இன்னும் முடியவில்லை. என் மகள் அபிரா பிறக்க முன்பே யப்பானில் தொடங்கிய கதை இது. அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், தனிவீடும் எடுத்துவிட்டாள். குடைக்காரர் அதே கோட்டும் குடையுமாக அலைந்துகொண்டிருக்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் வசந்தத்தில்தான் இது எங்கள் வீட்டுக்குள் வந்தது. பரிஸுக்குப் பக்கத்தில் பொபினியில் இருந்தோம். நான் பள்ளிக்கூடக் கான்தீனில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை. வேலை முடிந்ததும் பரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு ஓடுவேன். ரூ லூயி-பிளாங்கில் தொலைபேசிக் கடைகளின் முன்னால் சனம் கூட்டமாக நிற்கும். வன்னியில் நடப்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரிய முன்பே அங்கே தெரிந்துவிடும். என் அண்ணையும் அவர் மனைவி, என் மச்சாளும் சண்டை நெருக்கிய கடற்கரைப் பக்கம் அகப்பட்டிருந்தார்கள். அபிராவோடு நான் பேசுவதே குறைந்துபோயிற்று. அவள் நூலகத்திலிருந்து ஒரு மங்காவைக் கொண்டுவந்து, தொலைக்காட்சியை அலறவிட்டுக்கொண்டிருந்த என் பக்கத்தில் இருந்து வாசித்தாள். ஒரு நாள் திரையைப் பார்க்கச் சக்தியில்லாமல் அந்தப் புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். எடுத்த எடுப்பிலேயே குற்றவாளி அழுதுகொண்டிருந்தான். இதென்ன கூத்து, முடிவை முதலே சொல்லிவிட்டால் எவன் வாசிப்பான் என்று எரிச்சல் வந்தது.

"மாமொ, மற்றப் பக்கமிருந்து!" என்று பிரெஞ்சில் அம்மாவென்று கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள் அபிரா. நானும் சிரித்தேன். பிறகு சரியான பக்கத்திலிருந்து முழுவதையும் வாசித்து முடித்தேன். புத்தகத்தை மூடிய பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அண்ணையை மறந்திருந்தேன். தொலைக்காட்சி அலறியபடிதான் இருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதைவிட வெட்கம், அடுத்த தோமை அபிராவிடம் நானே கேட்டு வாங்கியது.

அண்ணை "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி, தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பி வரவில்லை. மச்சாள் காத்திருந்தாள். சனம் தள்ளிக்கொண்டு போனபோது அவளும் அள்ளுப்பட்டு வெளியே வந்துவிட்டாள். மச்சாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகாமிலிருந்து முதல்முறை தொலைபேசி எடுத்தபோது அவள் சுகம்கூட விசாரிக்கவில்லை. "அங்கை ஏதும் தெரிய வந்ததோ?" என்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பும் அதே கேள்வியோடுதான் தொடங்குகிறது. இல்லை மச்சாள் என்பேன். அவள் நம்புவதில்லை. பரிஸுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்பது அவள் எண்ணம். அவளைக் குறை சொல்லவும் முடியாது, அந்த மாதங்களில் அப்படித்தானே இருந்தது.

இந்த முந்திப் பிந்தித் தெரிகிற விஷயத்தை எனக்கு விளங்கவைத்ததும் அபிராவின் மங்காதான். யப்பானில் அது ஒரு வாரப் பத்திரிகையில் அத்தியாயம் அத்தியாயமாக வரும். கொஞ்சம் சேர்ந்ததும் தோமாகக் கட்டுவார்கள். பிறகு ஆற அமரப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார்கள். கொலைகாரன் யார் என்று அங்கே எல்லோரும் பேசி அலுத்துப்போன பிறகுதான் இங்கே நாங்கள் நெஞ்சிடியோடு பக்கம் புரட்டுவோம். நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாறினார். அதுவரை உதவியாளனை மரியாதையாக 'நீங்கள்' என்று அழைத்த குடைக்காரர், ஒரே இரவில் 'நீ' என்று தொடங்கிவிட்டார். அபிராவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும், தனக்கே மரியாதை குறைந்ததுபோல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். பழைய தோம்கள் அச்சில் இல்லாமல் போய், புதிய அட்டையோடு திரும்ப வந்தபோது குடைக்காரர் இளமையாகிவிட்டிருந்தார். இடையிடையே 'ஆசிரியர் ஓய்வில் இருக்கிறார்' என்று பத்திரிகையில் அறிவித்தல் வருமாம். வந்தால் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. அந்த மனிதர் செத்துப்போனால் பெரிய வழக்கு என்னாவது என்று ஒருநாள் அபிராவிடம் கேட்டேன். முடிவைப் பதிப்பகத்தில் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று வாசகர்கள் பேசிக்கொள்கிறார்களாம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் முடிவும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதைச் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருப்பார்.

அபிரா வளர்ந்ததும் மங்காவை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. மகளுக்கு வாங்குகிறேன் என்று கடைக்காரரிடம் கொஞ்ச நாள் பொய் சொன்னேன், பிறகு அதுவும் அலுத்துவிட்டது. ஒருநாள் அவரிடம் கேட்டேன், "இது எப்போது முடியும்?"

"முடியவே கூடாது என்று நம்புவோம், மடம்!" என்று அவர் கையிரண்டையும் விரித்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நான் முடிந்துவிடுமோ என்று பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலும், "கவலைப்படாதீர்கள், வாங்குகிறவர்கள் இருக்கும்வரை வரும்" என்று ஆறுதலும் சொன்னார். வெளியே வந்து பச்சை விளக்கு விழுந்தும் வீதியைக் கடக்காமல் நின்றேன். அவரிடம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. தமிழிலும் அதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முடிவு வேண்டும். அண்ணை இல்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளவேண்டும், ஒரு விளக்கு ஏற்றி அழவேண்டும், அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டும். கூடப் பிறந்தவரின் சாவை விரும்புகிறவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் கோயிலில் ஐயரிடம் விசாரித்துவிட்டு வந்தார். "ஒரு மோட்ச அருச்சனை எண்டாலும் செய்வம். அவற்ற ஆத்மாவுக்கும் நல்லம், உமக்கும் நல்லம். ஆனா மச்சாள் ஓம் எண்டு சொல்லவேணும்" என்றார். தொலைபேசியில் கேட்கிற விஷயமா அது? அடுத்த கோடை விடுமுறைக்கு நான் தனியே ஊருக்குப் போனேன். விமானத்தில் வாசிக்க அப்போது வந்திருந்த தோமையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கிளிநொச்சியில் மச்சாள் இருப்பது இரண்டு அறை வீடு. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. வீட்டை விட்டு வெளியே போவதானால் எதிர் வீட்டிலும் சந்திக் கடையிலும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். என்னோடு சந்தைக்கு வந்தபோதும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரப் பெடியனும் கேட்கவில்லை, "ஓம் அன்ரி, ஆரும் வந்தால் சொல்லுறன்" என்றான். கொண்டுவந்த கேள்வியை இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நாட்கள் போயின. ஒரு காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவுவதை நிறுத்தினாள்.

"நீ வந்த நேரம் தொட்டு ஏதோ சொல்ல நினைக்கிறாய்."

"ஒண்டுமில்லை மச்சாள்."

"அங்கை உங்களுக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டு எனக்கு மறைக்கிறியள். சொல்லு, நான் தாங்குவன்."

"எங்களுக்கு ஒண்டும் தெரியாது. கடவுளாணை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ மறைக்கிறேன் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். என்னவென்றுதான் தெரியவில்லை. நான் கிணற்றடிக்குப் போய், தேவைக்கு மேலே நாலு வாளி அள்ளி ஊற்றிக் குளித்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மச்சாள் கண்ணாடி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். மடியில் என் மங்கா. நம் புத்தகங்களைத் திறப்பதுபோல் திறந்து, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, கிட்டத்தட்ட முதல் பக்கத்துக்கு வந்திருந்தாள். பிரெஞ்சு அறிவித்தல் அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது.

"உன்ர பையுக்கை கிடந்தது. எழுத்து விளங்கேல்லை, படத்தைப் பாத்தன்" என்றாள். அவள் குரல் வேறாக இருந்தது. "முதலிலை ஒருத்தன் குழறி அழுகிறான், பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கு. பேந்து குடையோட ஒரு மனிசன் எல்லாரையும் இருத்தி வைச்சு ஏதோ கேக்குது. அதுக்குப் பிறகு ஒரு ஆள் விழுந்து கிடக்குது. நான் செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சன். அங்காலை புரட்டினால், அந்த ஆள் எழும்பி இருந்து ஆரோடையோ கதைக்குது. பேந்து பாத்தால் வாசல்லை நிண்டு சப்பாத்துக் கழட்டுது. மனிசி தேத்தண்ணி குடுக்குது." விரலை அந்தப் படத்தில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆள் வீட்டை வந்திட்டார், என்ன?"

மற்றப் பக்கமிருந்து, மச்சாள். இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீமெந்துத் தரை நனைந்தது. பரிஸிலிருந்து இவ்வளவு தூரம் நான் வந்தது அதைச் சொல்லத்தானே.

"ஓம் மச்சாள்" என்றேன். "வந்திட்டார்."

அவள் தலையை ஆட்டிவிட்டு மற்ற அறைக்குப் போனாள், தேத்தண்ணிப் படத்தை இன்னொருமுறை பார்க்கத் திரும்பி வந்தாள். நான் எதுவும் கேட்காமல் பரிஸ் வந்து சேர்ந்தேன். புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு அடுக்கில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் தருவித்துத் தருகிறேன் என்று பலமுறை சொன்னார், வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், மகளிடம் இருக்கிறது என்று மறுபடி பொய் சொன்னேன். கோயிலில் விளக்கு ஏற்றவில்லை. மச்சாளுக்குச் செய்தது நல்லதா, அல்லது அவள் கழுத்தில் நானே இன்னொரு கயிற்றைக் கட்டிவிட்டேனா என்று கான்தீனில் தட்டுக் கழுவும்போதெல்லாம் யோசிக்கிறேன். அவள் இப்போது எடுக்கும்போது முதல் கேள்வி மாறிவிட்டது. "அந்தக் குடைப் புத்தகம் அடுத்தது எப்ப வரும்?" என்றுதான் கேட்கிறாள். வரும் மச்சாள், ஆசிரியர் ஓய்வில் இருக்கிறாராம் என்கிறேன்.

போன சனிக்கிழமை புதிய தோம் வந்திருந்தது. கருவாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தேன், மச்சாள் திறந்த பக்கத்தைத் திறந்தேன். "மற்றப் பக்கம், மடம்" என்றார் கடைக்காரர். தெரியும் என்றேன். அழுகிறவனைத் தாண்டி, குடைக்காரரைத் தாண்டி, விழுந்து கிடந்தவர் எழும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன். இன்னும் சில பக்கங்கள் புரட்டினால் ஆள் வாசலுக்கு வந்துவிடும். கதவைக் கடைக்காரர் திறந்துதான் வைத்திருந்தார்.