எட்டு மீட்டரும் ஒரு மூக்குத்தியும்

குரோம்பேட்டையில் முப்பது வருஷமாக இருக்கிறேன். தலைக்கு மேலே விமானம் போகாத நாள் கிடையாது. தாழ்வாக வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, அது தாண்டிப் போகும்வரை கையில் சாக்பீஸோடு நிற்பேன். அப்படிப் போகிற ஒன்றில் ஏறி, அந்தமானுக்குத் தனியாகப் போய், கடலுக்கடியில் முங்கப்போகிறேன் என்று சொன்னபோது எனக்கு வயது ஐம்பத்து இரண்டு. கணவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. துக்கம் தலைக்கேறிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டிக்கெட் போட்டது துக்கத்தில் இல்லை, ஆசையில்.

அதிகமாகக் குதித்தது என் நாத்தனார். கணவரின் தங்கை. எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறாள், அதனால் குதிப்பது எனக்கு நன்றாகவே கேட்கும்.

"தனியாவா அண்ணி? லேடீஸ் குரூப்பா டூர் கூட்டிட்டுப் போறாங்களே, அதுல போங்களேன்."

"அதுல போனா பஸ்ல பாட்டுக்குப் பாட்டு பாடணும். நம்மால ஆகாது."

"தண்ணிக்குள்ள போய் என்னத்தப் பாக்கப் போறீங்க? மீன்தானே? பல்லாவரம் சந்தையிலயே கலர் கலரா விக்கிறான்."

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டி வலிக்காக டாக்டர் நீச்சல் பழகச் சொன்னார். சேலையூர் பக்கம் ஒரு குளத்தில் காலை ஏழு மணிக்குப் பெண்கள் வகுப்பு. ஒருநாள் தரையில் போட்ட ரப்பர் வளையத்தை எடுத்துவரச் சொன்னார்கள். முங்கி, தரையைத் தொட்டேன். ஒரு சத்தம் இல்லை. யாரும் 'மிஸ்' என்று கூப்பிடவில்லை, ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன் இல்லை, குக்கர் இல்லை. வளையத்தை எடுக்க மறந்துவிட்டு, மூச்சு முட்டும்வரை அங்கேயே இருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒருத்தி கடல் தாண்டிப் போவாளா என்றால், போனேன்.

போர்ட் பிளேரில் இறங்கி, கப்பல் பிடித்து, ஹேவ்லாக் தீவு. காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு முங்குவதை எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் இருபத்தைந்து வயது தாண்டாத பெண். அப்பா அம்மா பிழைக்க வந்து போர்ட் பிளேரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிடாமல் 'அக்கா' என்று கூப்பிட்டதில் பாதி பயம் போய்விட்டது.

அவள் முதலில் சொன்னது காதைப் பற்றி. கீழே இறங்க இறங்கத் தண்ணீர் காதை அழுத்தும். கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கின் மூக்குப் பகுதி மெத்தென்று ரப்பரில் இருக்கும். அதற்கு மேலேயே மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிச் சிந்துவதுபோல் ஊத வேண்டும். காதுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், வலி போய்விடும். அரை மீட்டருக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். குழந்தைகூடச் செய்யும் என்றாள்.

நான் செய்யவில்லை. முதல் நாள் இரண்டு மீட்டர்கூடப் போகவில்லை, காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல் இருந்தது. பிடித்து ஊதினேன். 'டிக்' வரவில்லை. மேலே வந்து, மறுபடி இறங்கி, மறுபடி வந்தேன். கீழே பாறை மேல் நீலமாக ஏதோ கூட்டமாகத் திரும்பியது. சரியாகப் பார்ப்பதற்குள் வலி பொறுக்காமல் கையைக் காட்டி மேலே வந்துவிட்டேன். இரண்டாம் நாளும் அதே கதை. பக்கத்தில் தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று கைகோத்துக்கொண்டு சாவகாசமாக இறங்கிப் போனது. நீச்சலே தெரியாதாம் அவர்களுக்கு. எனக்கு வந்த எரிச்சலில் கடல் கொஞ்சம் சூடாகியிருக்கும்.

"சில பேருக்குக் காது ஒத்துக்காதுக்கா. உங்க தப்பு இல்ல," என்றாள் அந்தப் பெண், படகில் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தபடி. "வலியோட உங்கள இறக்க மாட்டேன். செவிப்பறை போயிடும். நாளைக்குக் காலைல ஒரே ஒரு தடவை பாப்போம். வரலைன்னா விட்டுடலாம். ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாருங்க."

அங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அறைக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். மூக்கைப் பிடித்தேன், ஊதினேன். வலது பக்கம் புஸ்ஸென்று காற்று போனது. மறுபடி பிடித்தேன். மறுபடி புஸ். அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இடது மூக்கை அழுத்திப் பிடித்திருந்தது. கட்டைவிரல் வலது மூக்கைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம்தான் மூக்குத்தி.

ஏழு கல் வைத்த திருகு மூக்குத்தி. அழுத்தினால் உள்ளே திருகு குத்தும். பதினாலு வயதிலிருந்து அது குத்தாமல் முகம் கழுவியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், ஜலதோஷத்தில் ஒற்றைப் பக்கமாகவே சிந்தியிருக்கிறேன். கைக்கு அது பழகிவிட்டது. இரண்டு நாளும் கடலுக்குள் என் விரல் மூக்குத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாமல்.

அட, இவ்வளவுதானா, கழற்றி வைத்தால் தீர்ந்தது என்று எவளுக்கும் தோன்றும். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

கணவர் போன பத்தாம் நாள், கூடத்தில் என்னை உட்காரவைத்து, மற்றதெல்லாம் எடுத்த பிறகு, மூக்குத்தியையும் கழற்றச் சொன்னார்கள். வழக்கமாம். முன்னால் நின்று சொன்னது நாத்தனார். "இது எங்க அம்மா எனக்குக் குத்திவிட்டது. உங்க அண்ணன் போட்டதில்ல, அவரோட போறதுக்கு," என்றேன். சபையில் அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்றார்கள். பேசினேன். கழற்றவில்லை. அதற்கப்புறம் மூன்று மாசம் அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் மோட்டார் போடுவதைக்கூட வேலைக்கார அம்மாவிடம் சொல்லி அனுப்புவாள். பிறகு ஒருநாள் வத்தக்குழம்பு வந்தது, நானும் கிண்ணத்தைக் கழுவி அதில் முறுக்கு போட்டு அனுப்பினேன். மூக்குத்தியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. அவள் என்னிடம் பேசும்போது கண் அங்கே போய்விட்டு வரும்.

அதைத்தான் இப்போது நானே கழற்ற வேண்டும். ஒரு மீனைப் பார்ப்பதற்காக.

மறுநாள் காலை ஐந்தரைக்கே எழுந்துவிட்டேன். தலைக்கு வைக்கிற எண்ணெயைத் தொட்டு, டிஷ்யூ பேப்பரால் திருகைப் பிடித்து, முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்குக் கூடத்தில் என்னை எப்படிப் பார்க்க நினைத்தார்களோ, அப்படியே இருந்தேன். அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன். கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். பிறகு மூக்கை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்து ஊதினேன். இரண்டு காதிலும் 'டிக்'. அழுதுகொண்டே சிரித்தேன். மூக்குத்தியை மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன்.

படகில் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

ஒரு மீட்டர், டிக். இரண்டு மீட்டர், டிக். நேற்று ஊசி குத்திய இடம் தாண்டிப் போனதே தெரியவில்லை. படகிலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவள் என் முதுகுச் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வந்தாள். தரைக்கு வந்ததும் மணிக்கட்டில் இருந்த ஆழமானியைக் காட்டினாள். எட்டு மீட்டர்.

சத்தமே இருக்காது என்று நினைத்துப் போனேன். அது பொய். என் மூச்சு கொடகொடவென்று மேலே போனது. அதற்கு நடுவே யாரோ சாக்பீஸை உடைப்பதுபோல் கறுக் கறுக்கென்று கேட்டது. திரும்பினால், பச்சையும் ரோஸுமாக ஒரு கிளிமீன் பவளப்பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முதல் பெஞ்ச் பிள்ளைகள் டிபன் பெட்டியைப் பாடம் நடக்கும்போதே திறந்தால் இப்படித்தான் கேட்கும். சிரித்துவிட்டேன். சிரித்தால் கன்னம் மடிந்து மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. மூக்கில் இருந்த ஓட்டையில் உப்பு எரிந்தது. எரியட்டும் என்று இருந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் கழித்து அவள் மேலே காட்டியபோது, பெல் அடித்ததும் வகுப்பை விட மனசில்லாத ஆள் மாதிரி இன்னும் ஐந்து நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். காற்று தீர்ந்துகொண்டிருந்ததால் மறுத்துவிட்டாள்.

சாயங்காலம் நாத்தனாருக்கு வீடியோ கால் போட்டேன். வாய் மூடாமல் பேசினேன். கிளிமீன், அது கடிக்கிற சத்தம், எட்டு மீட்டர் எல்லாம். அவள் 'உம்' கொட்டவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மூக்குத்தி எங்க அண்ணி?"

"கழட்டிட்டேன். அதைப் போட்டுட்டு மூக்கைப் பிடிக்க முடியல."

என்ன சொன்னாலும் சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன். கடைசியில் அவள் நினைத்தது நடந்துவிட்டது பார் என்று எனக்கே மனசு கசந்தது. ஆனால் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பாக்க முடியலண்ணி. உங்கள மாதிரியே இல்ல. மொதல்ல அதைப் போடுங்க, அப்புறம் மீனப் பத்திப் பேசுங்க."

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து, கண்ணாடி இல்லாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டேன். "இன்னும் கொஞ்சம் தள்ளி... ஆங், இப்ப உள்ள விரல் விட்டுத் திருகுங்க... கல்லு சாஞ்சிருக்கு பாருங்க, நிமித்துங்க," என்று மாடியில் இருந்தபடியே வழிகாட்டினாள். ஒரு வழியாக நேராக நின்றது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நாளைக்கும் ஒரு தடவை இறங்கணும். மறுபடி கழட்டணும்," என்றேன்.

"கழட்டுங்க. ஏறினதும் போட்டுக்குங்க," என்றாள்.