நானூற்று இருபதாவது அடி

என் மேஜை இழுப்பறையில் ஒரு பாலிதீன் பொட்டலம் இருக்கிறது. உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல் நிறக் கல்பொடி. மேலே பால்பாயிண்ட் பேனாவால் '420 அடி' என்று எழுதியிருக்கும். ஏதோ கோயில் விபூதி என்று நினைத்து நெற்றியில் பூசப் போனவர்களை நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறேன். நான் எழுத வந்ததும், எங்கள் பழைய மேனேஜரை மறக்க முடியாமல் போனதும் இந்தப் பொட்டலத்தால்தான்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை. ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் லாரியைத்தான் எங்கள் பக்கம் ரிக் என்போம். எந்த ரிக் எந்த ஊரில் எத்தனை அடி போயிருக்கிறது என்று தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிக் ஆட்களின் வாட்ஸாப் குழுவில் போடுவது என் பொறுப்பு. பாறையை அரைத்து மேலே தள்ளும் பொடியை, துளைக்குள் ஒவ்வொரு இரும்பு ராடும் இறங்கியதும், ரிக்கை இயக்கும் டிரில்லர் தரையில் வரிசையாகக் குவித்து வைப்பார். நிலத்துக்காரர் அதைப் பார்த்து மண் மாறுவதைத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் வராமல் போன போரின் கடைசிப் பொடியைப் பொட்டலம் கட்டி ஆபீசில் கொடுப்பது எங்கள் டிரில்லரின் வழக்கம். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு அம்மாவின் காட்டில் எடுத்த பொடி இது. நானூற்று இருபது அடியிலும் புழுதிதான். நிறுத்துவதா, இன்னும் இறக்குவதா என்று கேட்க அந்தம்மா மேனேஜருக்கு போன் செய்தார். அன்றைக்கு அடுத்த ஊர்க்காரர் ரிக்குக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். ரிக் கிளம்பிவிட்டது.

சில மாதம் கழித்து, எழுத ஆசைப்படுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருப்பது கண்ணில் பட்டது. சேர வேண்டுமானால் நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒரு பக்கம், புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள். அவ்வளவுதான் நிபந்தனை. எனக்குக் கை பரபரத்தது. பள்ளிக்கூடக் கட்டுரைக்குப் பிறகு நான் சொந்தமாக ஒரு பத்தி எழுதியதில்லை. மூன்று நாள் சோறு பொங்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அந்த எருமப்பட்டிப் போரையே எழுதினேன். எழுதியதெல்லாம் சரி, ஒரு இடத்தில் மட்டும் பயந்தாங்கொள்ளியாகிவிட்டேன். மேனேஜர் போனை எடுத்து அந்தம்மாவிடம் அரை மணி நேரம் ஆறுதலாகப் பேசியதாக எழுதிவைத்தேன். சம்பளம் வாங்கும் இடமாயிற்றே.

புதன்கிழமை ஐந்து மணி. பக்கத்தை அனுப்பினேன். தினமும் அந்நேரத்துக்கு விரல் எங்கே போகுமோ அங்கேயே போய்விட்டது. என் கதை ரிக் குழுவில் கிடந்தது! அழிப்பதற்குள் எட்டுப் பேர் பார்த்துவிட்டார்கள்.

முதலில் வந்தது டிரில்லர் பேசி அனுப்பிய குரல் செய்தி. "அக்கா, கதை சோக்கா இருக்குதுங்க. ஆனா ஒண்ணு உட்டுட்டீங்க. பாறை மாறுறப்ப பொடி மாறும்னு எழுதியிருக்கறீங்க, அதுக்கு முந்தியே சத்தம் மாறிரும்ங்க." அடுத்தது மத்தியப் பிரதேசத்தில் இருந்த ரிக்கின் சமையல்காரர். "அக்கா, அந்தம்மாவுக்கு அப்புறம் தண்ணி கெடைச்சுதுங்களா?" நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மனிதர் அப்புறம் என்ன என்று கேட்கிறார்! பயத்தின் நடுவிலும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் கோபம் வந்தால் சுவர்க்கடிகாரமே ஆடும். வேலை போச்சு என்று கைப்பையைத் தேடினேன்.

"ஏனுங்க்கா, நானு அன்னிக்கு போனை எடுத்தனுங்களா?"

கைக்குக் கிடைத்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கவுத்து வெச்சேன். நீங்க பாத்தீங்கல்ல? எழுதறதுன்னா அதையும் எழுதிப்போடுங்க." எந்தக் கோபமும் இல்லை. போகிறபோது திரும்பி, "மணி என்னாச்சு, ஆறுக்குள்ள அனுப்போணும்னீங்களே" என்றார். மத்தியானம் சோறு தின்னும்போது நான் பீற்றிக்கொண்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

அரை மணி நேரத்தில் திருத்தினேன். டிரில்லர் சொன்ன சத்தம் உள்ளே வந்தது. அரை மணி ஆறுதல் வெளியே போனது. போன் கவிழ்ந்தது. ஐந்து ஐம்பத்தாறுக்கு, குழுவின் பெயரை மூன்று தடவை படித்துப் பார்த்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "போனைக் கவிழ்த்து வைத்த வரியில் நின்றுவிட்டோம். வாருங்கள்." ஆபீசிலேயே கத்திவிட்டேன். டீ கொண்டு வந்தவர் தட்டோடு இரண்டடி பின்னால் போனார். மேனேஜர் தன் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். குழுவில் இப்போது நான் பழைய ஆள். புதிதாகச் சேர விரும்புகிறவர்களின் பக்கங்களைப் பெயர் மறைத்து எங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், நாங்கள் படித்துச் சொல்ல வேண்டும். போன வாரம் எனக்கு வந்த பக்கம் இப்படித் தொடங்கியது: "அன்றைக்கு அந்த போனை நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் எருமப்பட்டிக்கு பஸ் ஏறினேன். அந்தம்மா என்னைத் திட்டவில்லை. 'நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதுஞ் சாமி, நானு பொழுதுக்கும் அந்தக் குழிகிட்டவே உக்காந்திருந்தேன்' என்றார்."

இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மீதிப் பக்கத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று, முதலில் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டி அனுப்பினேன்: "வாருங்கள்."