வேரைப் பார்க்கும் பயம்

கண்ணுக்கே தெரியாத ஒன்று செத்துப்போய்விட்டதோ என்று மாசி மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உளுந்து வரவில்லையென்றால் கத்தார் போய்விடுவேன் என்று அவர்கள் வீட்டுக்காரர் யாரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். ஆர்டர் இல்லையென்று பட்டறையை மூடியதும், துறையூர் பக்கம் தன் அம்மா பார்த்துக்கொண்டிருந்த நிலத்துக்குப் போனார். "ஒரு தடவை உளுந்து போட்டுப் பாக்குறேன். வந்துச்சுன்னா இங்கயே இருந்துடலாம். வரலைன்னா ஏஜென்ட் சொன்ன மாதிரி கத்தாருக்குப் போயிட்டு வரேன்" என்றார். ஏதோ மணப்பாறைக்குப் போய் முறுக்கு வாங்கி வருகிறவர் மாதிரி சொன்னார். என் அக்கா வீட்டுக்காரர் கத்தாரில்தான் இருக்கிறார். அவருடைய பெண் அவரை "போன் அப்பா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்த நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும்தான் போட்டு வந்தார்கள். நான் விசாரிக்கப் போனபோது வேளாண்மை அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப உளுந்துக்கு வேண்டிய பாக்டீரியா மண்ணுல இருக்காதுங்க. ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதையில கலந்துடுங்க. அது வேர்ல முடிச்சு முடிச்சா உக்காந்து, காத்துல இருக்கிற தழைச்சத்தை இழுத்துச் செடிக்குக் குடுக்கும். உயிருள்ள சாமான். வெயில் மட்டும் படக்கூடாது, காய வச்ச உடனே விதைச்சிடணும். செடி பூக்கப்போற நேரத்துல முடிச்சைக் கிள்ளிப் பாருங்க, உள்ள சிவந்திருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

பாக்கெட்டை வாங்கி ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாக்கெட்டைப் பிரித்தால் கரித்தூள் மாதிரி இருந்தது. "இதை வாங்கவா பஸ் ஏறிப் போனே? நம்ம அடுப்புலயே அள்ளித் தந்திருப்பேனே" என்றார் மாமியார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறின கஞ்சியில் தூளைக் குழைத்து விதையில் புரட்டினோம். மோட்டார் ரூமுக்கு மேற்கே நல்ல நிழல். சாக்கு விரித்து அங்கே பரப்பினேன். விதை காய்ந்து, விதைக்கிற ஆட்களும் வந்து நின்றபோது மாமியார் கையை நீட்டித் தடுத்தார்.

"ராகு காலம் பொறந்துடுச்சு. பன்னண்டு மணி வரைக்கும் ஒரு விதை விழக்கூடாது."

"அத்தை, லேட்டானா செத்துடும்."

"எது செத்துடும்?"

"பாக்டீரியா."

"ராகு காலத்துல போட்டா அது மட்டும் பொழைச்சிடுமா?"

என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். வந்த ஆட்களுக்குச் சாப்பாடு கட்ட மாமியார் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏற ஏற மேற்குப் பக்கத்து நிழல் சுவரோடு சுருங்கிவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது பாதிச் சாக்கு வெயிலில் கிடந்தது. கையை வைத்தால் விதை சுட்டது.

"என்னங்க, சுடுதுங்க."

"உளுந்துதானே, முளைக்கும் வா" என்றார். பன்னிரண்டு அடித்ததும் விதைத்தார்கள்.

முளைத்தது. மாமியாருக்கு ஒரே பெருமை. எனக்குப் பயம்தான் கூடியது. பாக்டீரியா செத்திருந்தாலும் விதை முளைக்கத்தான் செய்யும். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது மண்ணுக்குள்ளே அல்லவா இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் மெஷினை மிதித்துக்கொண்டே அந்தச் சூட்டை உள்ளங்கையில் உணர்வேன். ஒரு நாள் பாட்டு டீச்சரின் ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். போனில் "செடி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "இருக்கு" என்பார். உடனே போனை வைத்துவிடுவார். இவர் மனசுக்குள் கிளம்பியே விட்டார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

செடி மொட்டு வைக்கும் சமயத்தில் ஒரு சனிக்கிழமை போனேன். இலைகள் சில இடத்தில் பச்சையாகவும் சில இடத்தில் வெளிறியும் இருந்தன. வரப்போரம் நிறைய இடைவெளி. ஆடு மேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் பிடுங்கின செடிகள் குவியலாகக் காய்ந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். வேரில் இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளையெல்லாம் யாரோ நகத்தால் கிள்ளியிருந்தார்கள்.

மண்வெட்டியோடு வந்த என் வீட்டுக்காரர் என் கையில் இருந்த செடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்களா புடுங்குனீங்க?"

"முளைச்சு கொஞ்ச நாள்லேர்ந்து தினமும் பாத்தேன். எல்லாம் வெள்ளையாவே இருந்துச்சு. போன வாரத்தோட பாக்குறத விட்டுட்டேன்."

"பூக்கப்போற நேரத்துல பாருங்கன்னுதானே சொன்னாங்க?"

"அது வரைக்கும் என்னால பொறுக்க முடியல."

"இப்பப் புடுங்குங்க."

"நீயே புடுங்கு. எனக்குக் கை வரல."

பிடுங்கினேன். மண்ணை உதறினேன். ஆணிவேரை ஒட்டி நாலைந்து முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே ரத்தம் கட்டின மாதிரி சிவந்திருந்தது.

"இன்னொரு செடி" என்றார். அதன் முடிச்சும் சிவப்பு. "இன்னும் ஒண்ணு." அதில் முடிச்சே இல்லை, வெறும் வேர். பாதிச் சாக்கில் வெயில் பட்டது தன் வேலையைக் காட்டிவிட்டது. பாதி பிழைத்திருக்கிறது, பாதி இல்லை. அது போதுமா போதாதா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஊர்ல தனியா எப்படி இருக்கப்போறேன்னு நெனச்சா ராத்திரி தூக்கமே வரல" என்றார். பயமாக இருக்கிறது என்று இவர் வாயால் நான் கேட்டதே இல்லை. கிளம்பத் துடிக்கிறார் என்றல்லவா இத்தனை நாள் இவர் மேல் கோபப்பட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேர் கையிலும் சேறு.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஏஜென்ட் பேசினா நீயே எடுத்து, அவர் கத்தாருக்கு வரலைன்னு சொல்லிடு. என்னை எடுக்க விடாத. நான் எடுத்தா சரின்னு சொல்லிடுவேன்."